ஐவர் பெயர், ஒருவர் எழுத்து: கல்லூரிகளின் ‘கூட்டு எழுத்து’ப் பாவனை

இந்தியக் கல்லூரிகளின் ஆங்கில வகுப்புகளில் ‘கூட்டு எழுத்து’ என்ற பெயரில் நடப்பதை அறிய நெடிய ஆய்வு எதுவும் தேவையில்லை. ஆசிரியர் கூகுள் டாக்ஸில் ஒரு பகிர்வு ஆவணத்தைத் திறக்கிறார். ஐந்து மாணவர்களுக்கு இணைப்பு அனுப்பப்படுகிறது. கெடு முடிவதற்கு முந்தைய இரவுவரை ஆவணம் வெறுமையாகவே கிடக்கிறது. பதினொரு மணிக்கு மேல், ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து வந்த ஒருவர் உட்கார்ந்து கட்டுரை முழுவதையும் எழுதி முடிக்கிறார். மற்ற நால்வரில் ஒருவர் தலைப்பைத் தடித்த எழுத்தாக மாற்றுகிறார். ஒருவர் ஒரு படத்தை ஒட்டுகிறார். இருவர் தம் பெயரையும் பதிவெண்ணையும் தட்டச்சிட்டுவிட்டு வெளியேறுகின்றனர். இலக்கணத் திருத்தி ஒன்று சிவப்புக் கோடுகளை நீக்கித் தருகிறது. மறுநாள் ஐவருக்கும் ஒரே மதிப்பெண். துறையின் ஆண்டறிக்கையில் ‘எண்மக் கருவிகள் வழிக் கூட்டுக் கற்றல்’ என்றொரு வரி திரைப்பிடிப்புடன் சேர்கிறது.

இத்தனையும் மறைவில் நடக்கவில்லை. யார், எந்த நேரத்தில், எந்தச் சொல்லைச் சேர்த்தார், எதை அழித்தார் என்பதெல்லாம் அதே ஆவணத்தின் ‘பதிப்பு வரலாறு’ என்னும் பகுதியில் வண்ணம் வண்ணமாகப் பதிவாகியிருக்கின்றன. அதைத் திறந்து பார்க்க இரண்டு சொடுக்குகள் போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் அதைத் திறப்பதில்லை. திறந்தால், தாம் வழங்கிய ஐந்து மதிப்பெண்களில் நான்கு பொய்யென்று தெரிந்துவிடும்.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: இணையவழிக் கூட்டு எழுத்துக் கருவிகள் ஆவணத்தை நன்றாகப் பேணுகின்றன, மொழி கற்போரைப் பேணுவது அவற்றின் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. அந்த வேலையை ஆசிரியர் செய்யாதவிடத்து, இக்கருவிகள் வகுப்பின் மிக நலிந்த மாணவரை மறைத்து வைக்கும் திரையாகவே பயன்படுகின்றன.

கருவிகளின் பிறப்பைக் கவனித்தால் இது விளங்கும். 1995-இல் வார்டு கன்னிங்ஹாம் உருவாக்கிய முதல் விக்கி, மென்பொருள் வல்லுநர்கள் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதற்கானது. கூகுள் நிறுவனம் 2006-இல் வாங்கிய ‘ரைட்லி’ என்னும் சொற்செயலிதான் பின்னர்க் கூகுள் டாக்ஸாக வளர்ந்தது. பலர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எழுத, ஒவ்வொருவர் எழுத்தையும் தனி வண்ணத்தில் காட்டிய ‘ஈதர்பேட்’ 2008-இல் வந்தது. அடுத்த ஆண்டே கூகுள் அதையும் வாங்கியது. இவை யாவும் எழுதும் மொழியை ஏற்கெனவே அறிந்தவர்களுக்காக, அலுவலகத்தில் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஆக்கப்பட்டவை. அலுவலகத்தில் ஒரு வாக்கியம் விரைவாக முடிந்துவிடுவது நன்மை. மொழி வகுப்பில் ஒரு வாக்கியம் விரைவாக முடிந்துவிட்டால், கற்பதற்கு இருந்த வாய்ப்பும் அத்துடன் முடிகிறது.

கூட்டு எழுத்து ஏன் மொழியைக் கற்பிக்கிறது என்ற வினாவுக்கு ஆய்வுலகம் தந்துள்ள விடை தெளிவானது. கற்பவர் தாம் சொல்ல விரும்புவதற்கும் தம்மால் சொல்ல இயல்வதற்கும் இடையிலுள்ள இடைவெளியை, மொழியைப் பயன்படுத்த முனையும்போதுதான் உணர்கிறார் என்று மெரில் ஸ்வெய்ன் 1985 முதல் வாதிட்டு வந்தார். கவனத்தில் படாத மொழிக்கூறு உள்ளத்தில் தங்காது என்பது 1990-இல் ரிச்சர்டு ஷ்மிட் முன்வைத்த கருதுகோள். இருவர் சேர்ந்து எழுதும்போது, ‘இந்தச் சொல் சரியா, இந்தக் காலம் பொருந்துமா’ என்று ஒருவர் மற்றவரிடம் வாய்விட்டுக் கேட்க நேர்கிறது; அந்தக் கேள்வியே கற்றல். நியோமி ஸ்டார்ச் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இணைகளாக எழுதியவர்களின் கட்டுரைகள் தனியாக எழுதியவர்களுடையவற்றைவிடக் குறுகியவையாக இருந்தன. ஆயினும் இலக்கணத் துல்லியத்திலும் வாக்கியச் செறிவிலும் மேம்பட்டிருந்தன. குறுகியவை என்பதைக் கவனிக்க வேண்டும். பேசிப் பேசி எழுதியதால் நேரம் பேச்சில் சென்றது. பக்க எண்ணிக்கைக்கு மதிப்பெண் தரும் கல்லூரி, கற்றல் நிகழ்ந்த கட்டுரையைத்தான் முதலில் தண்டிக்கும்.

அதே ஆய்வாளர் 2002-இல் இணைகளின் உறவை நால்வகையாகப் பிரித்துக் காட்டினார்: இருவரும் ஒத்துழைப்பது, இருவரும் ஆதிக்கம் செலுத்த முயல்வது, ஒருவர் ஆள மற்றவர் அடங்குவது, வல்லவர் ஒருவர் புதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது. முதலாவதிலும் கடைசியிலும் கற்றல் கூடுதலாக நிகழ்ந்தது. இடைப்பட்ட இரண்டிலும் அவ்வாறு நிகழவில்லை. ஆகவே, ‘குழுவாக எழுதுங்கள்’ என்று சொல்வது மட்டும் கற்பித்தல் ஆகாது. எத்தகைய உறவில் எழுதுகிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

இந்திய வகுப்பறைக்கு இந்த வகைப்பாடு வேறெங்கையும்விடக் கூர்மையாகப் பொருந்துகிறது. இந்திவழியிலோ ஒடியாவழியிலோ பன்னிரண்டாண்டுகள் படித்துவிட்டு வந்த மாணவரும், மழலையர் பள்ளி முதல் ஆங்கிலத்தில் படித்தவரும் ஒரே ஆவணத்தில் அமர்த்தப்படுகின்றனர். அவர்களுக்கு இடையிலுள்ள தொலைவு மொழியறிவின் தொலைவு மட்டும் இல்லை. வர்க்கத்தின், சாதியின், ஊரின் தொலைவும் அதில் கலந்திருக்கிறது. வல்லவர் புதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டிய இடத்தில், ஒருவர் ஆள மற்றவர் அடங்கும் உறவே உருவாகிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவி ஒரு வாக்கியத்தை எழுதுகிறாள். மூன்று நொடிகளில் மற்றொருவரின் வண்ணச் சுட்டி வந்து அதை அழித்து, வேறொன்றை எழுதுகிறது. யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை. காகிதத்தில் இப்படி அழிப்பதற்குக் குறைந்தபட்சம் எதிரே இருப்பவரின் கையிலிருந்து பேனாவை வாங்க வேண்டியிருக்கும். திரையில் அந்தக் கூச்சமும் தேவைப்படுவதில்லை. அடுத்த முறை அவள் பெயரைத் தட்டச்சிடுவதோடு நிறுத்திக்கொள்கிறாள். ஆசிரியரின் பார்வையில் அவள் ‘ஆர்வமற்ற மாணவி’.

இதன்மேல் வந்து அமர்வது தானியங்கித் திருத்தி. அது செய்யும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வங்காள மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘ஷே’ என்ற ஒரே படர்க்கைப் பெயர். வினைமுற்றிலும் பால் வேறுபாடு இல்லை. ஆகவே ஆங்கிலம் எழுதும் வங்காளி மாணவர் ‘ஹீ’, ‘ஷீ’ இரண்டையும் மாற்றி எழுதிவிடுவதில் வியப்பில்லை. அதேவேளை, ‘தி’ என்னும் ஆர்ட்டிகிளின் பயனை அவர் தம் மொழியிலேயே அறிவார். ‘மேயே’ என்றால் பெண். ‘மேயேட்டா’ என்றால் குறிப்பிட்ட அந்தப் பெண். ஆங்கிலம் சொல்லுக்கு முன்னே வைப்பதை வங்காளம் பின்னொட்டாக வைக்கிறது. இரு மாணவர்கள் ‘இங்கே தி வருமா’ என்று ஐயுற்று, ‘நம் மொழியில் இங்கே ட்டா போடுவோமா’ என்று தமக்குள் கேட்டுக்கொண்டால், ஒரு பருவம் முழுவதும் நடத்தும் இலக்கணப் பாடத்தைவிட அந்த இரண்டு நிமிடங்கள் பயன்தரும். திருத்தி என்ன செய்கிறது? ஐயம் எழுவதற்கு முன்பே கோடிட்டு, விடையையும் நீட்டி, ‘ஏற்கவும்’ என்ற பொத்தானை வைக்கிறது. வாக்கியம் சரியாகிவிடுகிறது. மாணவருக்குத் தம் பிழை என்னவென்றே தெரியாது. அடுத்த கட்டுரையிலும் அதே பிழை வரும். அதே பொத்தான் அழுத்தப்படும். மூன்றாண்டு முடிவில் பொத்தான் இல்லாத நேர்காணல் அறையில் அவர் உட்காரும்போதுதான் இந்தக் கணக்கு வெளிவரும்.

கருவியைத் திறந்துவிட்டால் எழுத்து தானே வரும் என்ற நம்பிக்கைக்கு இந்தியா ஏற்கெனவே ஒருமுறை விலை கொடுத்திருக்கிறது. 2011-இல் புணேயில் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு கல்வித் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. பொறியியலும் பொருளியலும் பயிலும் மாணவர்கள் பாடத்தின் பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் எழுதினர். சில மாதங்களில் அவற்றுள் ஏராளமானவை நூல்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் அப்படியே எடுக்கப்பட்டவை என்பது தெரியவந்தது. தன்னார்வத் தொகுப்பாளர்கள் அவற்றைத் தேடித் தேடி நீக்கினர். அதே ஆண்டிலேயே முன்னோட்டம் நிறுத்தப்பட்டது. மாணவர்களுக்கு வழிகாட்ட அமர்த்தப்பட்ட வளாகத் தூதர்களில் பலரும் விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்களாகவே இருந்தனர்.

அந்நிகழ்வை ‘இந்திய மாணவர்களின் நேர்மையின்மை’ என்று சுருக்கிப் பேசுவோர் இன்றும் உள்ளனர். இரண்டாம் மொழியில் ஒரு பத்தியைப் படித்து, அதன் பொருளைத் தம் சொற்களில் திருப்பி எழுதுவது மிகக் கடினமான மொழித்திறன். அதைப் பள்ளியும் கற்பிக்கவில்லை, கல்லூரியும் கற்பிக்கவில்லை. விடைத்தாளில் பாடநூலின் வரிகளை அப்படியே எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று பழக்கிய அமைப்பு, திடீரென ஒருநாள் உலகப் பொதுவெளியில் ‘சொந்தமாக எழுது’ என்றது. புணேயில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. நகலெடுப்பைக் கண்டுபிடித்தவர்கள் அதற்குக் கருவியின் வரலாற்றுப் பக்கங்களையே பயன்படுத்தினர். ஒவ்வொரு திருத்தத்தையும் படிக்க யாரோ முகமறியாத் தன்னார்வலர்களுக்கு நேரம் இருந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபின் குழுவில் ஆறாவதாக ஓர் உறுப்பினர் சேர்ந்துவிட்டார். அவர் உறங்குவதில்லை, வாதிடுவதில்லை, எதையும் ஒப்புக்கொள்கிறார். ஐவரில் ஒருவராவது எழுதினார் என்று சொல்லும் நிலையும் இப்போது இல்லை. இதற்குக் கல்லூரிகள் கண்டுள்ள மருந்து கண்டறிவான் மென்பொருள். அம்மருந்தின் தன்மையை 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறிவான்களிடம் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை எந்திரம் எழுதியவை என்று தவறாகத் தீர்ப்பளிக்கப்பட்டன. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அத்தகைய தவறு மிக அரிதாகவே நேர்ந்தது. காரணம் எளியது. எதிர்பார்க்கத்தக்க எளிய சொற்களையே மொழி கற்போர் மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். கண்டறிவானுக்கு அதுவே எந்திரத்தின் அடையாளம். ஆக, திருத்தியின் துணையின்றித் தாமே முயன்று எளிய ஆங்கிலத்தில் எழுதிய மாணவர் குற்றவாளியாகிறார். சொற்களை அலங்கரித்துத் தருமாறு எந்திரத்திடமே கேட்டுக்கொண்டவர் தப்பிவிடுகிறார்.

ஆய்வேடுகளின் நிலையும் இதற்கு நெருங்கியதே. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறை, 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்று வரையறுத்தது. விதியின் நோக்கம் நல்லது. நடைமுறையில் வளாகங்களில் அது என்னவாயிற்று? ‘பத்துக்குள் கொண்டுவா’ என்பதே எழுத்துப் பயிற்சியாகிவிட்டது. ஒத்த சொல் ஒன்றைத் தேடி மாற்று, வாக்கியத்தைப் புரட்டிப் போடு, எண் குறைந்ததா என்று பார். பிறர் கருத்தோடு உரையாடி எழுதக் கற்க வேண்டிய இளம் ஆய்வாளர், சதவீதத்தோடு ஒளிந்து விளையாடக் கற்கிறார்.

இந்திய மொழிகளைக் கற்போரின் நிலை வேறு விதமானது. ஒட்டுநிலை மொழிகளுக்குச் சொற்பட்டியலை நம்பிய திருத்திகள் போதமாட்டா. ‘வந்துகொண்டிருந்தவர்களையும்’ என்பது தமிழில் பிழையற்ற ஒரே சொல். இத்தகைய வடிவங்கள் அனைத்தையும் எந்தப் பட்டியலிலும் அடைக்க இயலாது. கன்னடமும் மலையாளமும் தெலுங்கும் இவ்வகையில் தமிழோடு ஒத்தவை. சரியான சொல்லுக்கும் சிவப்புக் கோடு விழும்போது, கற்பவர் திருத்தியை நம்புவதா, தம் அறிவை நம்புவதா என்று திகைக்கிறார். அரசின் கவனமோ 2022-இல் தொடங்கிய பாஷிணி போன்ற திட்டங்கள் வழியாக மொழிபெயர்ப்பில் குவிந்திருக்கிறது. அது தேவையான பணிதான். ஆனால் பெங்களூருவில் கன்னடம் கற்கும் மராத்திக்காரர் இருவர் சேர்ந்து ஒரு பத்தியை எழுத மொழிபெயர்ப்பி உதவாது. எழுத வேண்டிய தேவையையே அது இல்லாமல் செய்துவிடும்.

நல்ல கூட்டு எழுத்து எப்படியிருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டும் இந்திய மொழிகளிலேயே உண்டு. 2003 முதல் இயங்கிவரும் தமிழ் விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களைத் திறந்து பார்க்கலாம். ஒரு கலைச்சொல்லை எப்படி ஆக்குவது, பிறமொழிப் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது, கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாக வாதிட்டிருக்கிறார்கள். அங்கே கட்டுரையைவிட அதன் பின்னாலுள்ள உரையாடலே சிலபோது நீளமானது. எழுதியவர்கள் மொழியில் தேர்ந்தது அந்த வாதங்களால். கல்லூரியின் பகிர்வு ஆவணத்திலும் கருத்துரை எழுதும் ஓரம் இருக்கிறது. அது பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது.

இரு தரப்பிலிருந்து மறுப்பு வரும். முதல் தரப்பு: ‘கருவிகளையே தடை செய்து, வகுப்பில் கையால் எழுதச் சொன்னால் எல்லாம் தீரும்.’ தீராது. தேர்வறையில் கையால் எழுதும் முறைதான் நகலெடுப்பைப் பழக்கியது. மேலும், காகிதம் இறுதி வடிவத்தை மட்டுமே காட்டும். எழுத்து உருவான வழியை அழியாமல் காக்கும் வசதி மொழியாசிரியருக்கு வரலாற்றில் முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது. அதைத் தூக்கியெறிவது அறியாமை.

இரண்டாம் தரப்பு: ‘அறுபது பேர் கொண்ட வகுப்பில் வரலாற்றையெல்லாம் யார் படிப்பது?’ ஆசிரியர்களின் பணிச்சுமை உண்மை. தொகுப்பூதியத்தில் காலந்தள்ளும் விருந்தினர் விரிவுரையாளரிடம் கூடுதல் உழைப்பைக் கேட்பதற்கு எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 60 பேர் தனித்தனியே எழுதும் கட்டுரைகளைத் திருத்த, ஒன்றுக்கு 10 நிமிடம் என்றாலும் 10 மணி நேரம். இருவர் இருவராக எழுதினால் 30 ஆவணங்கள். ஒவ்வொன்றிலும் இறுதி வடிவத்தையும் ஒரே ஒரு பத்தியின் வரலாற்றையும் படிக்க 15 நிமிடம் என்றால் ஏழரை மணி நேரம். சுமை கூடவில்லை, குறைகிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. குழு இருவருக்கோ மூவருக்கோ மிகாமல் இருக்கட்டும். ஐவர் குழு மதிப்பெண் பதிவேட்டின் வசதிக்கானது. முதல் வரைவு முடியும்வரை தானியங்கித் திருத்தி அணைக்கப்பட்டிருக்கட்டும். பின்னர் அதை இயக்கி, அது தரும் ஒவ்வொரு பரிந்துரையையும் ஏற்றதற்கோ மறுத்ததற்கோ ஒரு வரிக் காரணம் எழுதட்டும். பிறர் எழுதிய வாக்கியத்தை நேரடியாக அழிக்காமல், பரிந்துரை முறையில் மட்டுமே மாற்றலாம் என்பது விதியாகட்டும்; அந்த மாணவியின் வாக்கியம் மூன்று நொடியில் மறையாமலிருக்க இதுவே போதும். ஓரத்துக் கருத்துரைகளில் இந்தியோ வங்காளமோ தமிழோ தாராளமாக வரட்டும். இரண்டாம் மொழியில் எழுதுவதைப் பற்றி முதல் மொழியில் பேசுவது கற்றலுக்குத் துணைசெய்கிறது என்று ஸ்வெய்னும் ஸ்டார்ச்சும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டியிருந்தும், ‘ஆங்கிலத்தில் மட்டும் பேசுக’ என்ற பலகையை இறக்க மனம் வராத துறைகள் இன்னும் உள்ளன. மதிப்பெண்ணில் பாதியாவது அந்த உரையாடலுக்குச் சேரட்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பதிப்பு வரலாற்றை வருகைப் பதிவேடாக்கிவிடக் கூடாது. விடுதியில் ஒரே கைபேசியைச் சுற்றி மூவர் அமர்ந்து எழுதினால், வரலாறு ஒருவர் பெயரையே காட்டும். தட்டச்சிட்டவர் வேறு, சொல்லைக் கண்டுபிடித்தவர் வேறாக இருக்கலாம். எழுத்தெண்ணிக்கையைக் கொண்டு உழைப்பை அளக்கத் தொடங்கினால், மாணவர்கள் எழுத்தெண்ணிக்கையைக் கூட்டக் கற்றுக்கொள்வார்கள். பத்து விழுக்காட்டின் கதை திரும்பவும் நிகழும். வரலாறு ஒரு விசாரணைக்கான சான்று ஆகாமல், வகுப்பில் திறந்து வைத்துப் பேசுவதற்கான பாடமாக வேண்டும். ‘இந்தச் சொல்லை ஏன் மாற்றினீர்கள்’ என்று ஆசிரியர் கேட்க, இருவரில் எவராலும் விடை சொல்ல முடிந்தால், அங்கே கூட்டு எழுத்து நடந்திருக்கிறது.

இவ்வளவும் செய்யாமல் அடுத்த ஆண்டறிக்கைக்குத் திரைப்பிடிப்பு எடுக்கப் போகும் துறைகள், இறுதிப் பக்கத்தை விட்டுவிட்டுப் பதிப்பு வரலாற்றின் பக்கத்தைப் படம் பிடித்து இணைக்கட்டும். அதில் எத்தனை வண்ணங்கள் தெரிகின்றன என்பதை மதிப்பீட்டுக் குழு எண்ணிக்கொள்ளும்.